இயந்திரம் படிக்கும் கையேடு

கடைக்குப் போகும் சிறுவனிடம் "எண்ணெய் ஒரு லிட்டர்" என்று மட்டும் எழுதிய சீட்டைக் கொடுத்தால், அவன் திரும்பி வந்து "நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா?" என்று கேட்பான். கேட்காமல் தானே ஒன்றை முடிவு செய்து வாங்கி வந்தால் என்ன ஆகும்? இன்று கணிப்பொறித் துறையில் எழுந்துள்ள ஒரு சிக்கல் ஏறக்குறைய இத்தகையதுதான்.

கேள்விக்கு விடை சொல்வதோடு நில்லாமல், கோப்புகளைத் திறப்பது, நிரல்களை இயக்குவது போன்ற வேலைகளை அடுத்தடுத்துத் தானே செய்யும் செயற்கை நுண்ணறிவு அமைப்பை 'முகவர்' என்கிறார்கள். முகவருக்கு ஒரு குறை உண்டு. ஒரே சமயத்தில் அது கருத்தில் கொள்ளக்கூடிய எழுத்தின் அளவுக்கு எல்லை இருக்கிறது. புதிய உரையாடல் தொடங்கும்போது, முன்பு நடந்தவற்றை எங்காவது எழுதி வைத்திருந்தால்தான் அவை அதற்குத் தெரியும். ஆகவே நீண்ட பணிகளுக்கு அதற்கும், நம்மைப் போலவே, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்று தேவைப்படுகிறது.

இதற்கு 'டூடூ டாட் டெக்ஸ்ட்' என்ற முறையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அமெரிக்காவைச் சேர்ந்த ஜீனா டிரபானி என்பவர் 2006-இல் உருவாக்கியது இது. வெறும் எழுத்துக் கோப்புதான். ஒரு வரிக்கு ஒரு வேலை. வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஏ' என்ற ஆங்கிலப் பெரிய எழுத்து இருந்தால் அது முதன்மையான வேலை. சிறிய 'எக்ஸ்' எழுத்தும் ஓர் இடைவெளியும் இருந்தால் அது முடிந்த வேலை. தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையிலேயே எழுத வேண்டும். ஏன் தெரியுமா? 03-04 என்று எழுதினால் நாம் ஏப்ரல் 3 என்போம். அமெரிக்கர் மார்ச் 4 என்பார். ஆண்டை முதலில் எழுதும் முறையில் இக்குழப்பம் இல்லை.

"இவ்வளவு எளிய கருவிக்குக் கையேடு எதற்கு? அறிவுள்ள இயந்திரம் தானே புரிந்துகொள்ளாதா?" என்று சிலர் கேட்கலாம். இக்கருத்தை நான் ஏற்கவில்லை.

வேலைகளை வரிசை எண்ணால் குறிப்பிடும் ஒரு கருவியை எண்ணிப் பாருங்கள். முகவர் "3-ஐ நீக்கு" என்று கட்டளையிடுகிறது. மூன்றாவது வரி நீங்குகிறது. நான்காவது வரி மூன்றாவதாகிவிடுகிறது. ஆனால் வேலை முடிந்ததாகக் கருவி எதுவும் சொல்லவில்லை. முகவர் ஐயுற்று அதே கட்டளையை மீண்டும் இடுகிறது. இம்முறை நீங்குவது வேறொரு வேலை! "அறிவியல் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்க வேண்டும்" என்ற வரியாக அது இருந்தால், கடைசி நாள் கடந்த பிறகே உங்களுக்குத் தெரியவரும். எவ்வளவு கூர்மையான அறிவானாலும், சொல்லப்படாத செய்தியை ஊகிக்கத்தான் முடியும். "ஒன்றை நீக்கினால் எண்கள் மாறும், மீண்டும் நீக்குமுன் பட்டியலைப் பார்" என்ற ஒரே வரி இந்த இழப்பைத் தவிர்த்திருக்கும்.

ஆகவே நல்ல கையேடு, கட்டளைகளின் பெயர்களை மட்டும் அடுக்கினால் போதாது. ஒவ்வொரு கட்டளையும் என்ன செய்யும், வெற்றி பெற்றால் என்ன பதில் வரும், தவறினால் என்ன வரும், எதைச் செய்தால் மீட்க முடியாது, எப்போது வேலையை நிறுத்தி உரியவரைக் கேட்க வேண்டும் என்பவற்றை எடுத்துக்காட்டுடன் சொல்ல வேண்டும். பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதி, 1971 நவம்பரில் வெளிவந்த யூனிக்ஸ் கையேட்டில், கருவியின் குறைகளைச் சொல்லவே ஒரு தலைப்பு இருந்தது. அந்த நேர்மை இன்று இன்னும் அதிகமாகத் தேவை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட பொது நெறிமுறையில், ஒவ்வொரு கருவியும் தன் பெயரையும் விளக்கத்தையும் முகவருக்குத் தெரிவிக்கிறது. அந்த விளக்கத்தைப் படித்தே எந்தக் கருவியைப் பயன்படுத்துவது என்பது முடிவாகிறது. விளக்கம் பிழையானால் வேலையும் பிழையாகும்.

ஆனால் கையேடு ஒரு பூட்டு ஆகாது. பட்டியலில் யாரோ "எல்லாவற்றையும் அழித்துவிடு" என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், முகவர் அதைக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளக்கூடும். எனவே, நீக்கிய வரிகளை வேறொரு கோப்பில் பாதுகாக்கும் ஏற்பாடு கருவியிலேயே இருக்க வேண்டும். பாதுகாப்பை வெறும் சொற்களிடம் ஒப்படைப்பது அறிவுடைமை ஆகாது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். இயந்திரம் படிப்பதற்குத்தானே என்று மனிதருக்கு விளங்காத நடையில் கையேட்டை எழுதக் கூடாது. இயந்திரத்திடம் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்பதைப் பட்டியலின் சொந்தக்காரர் படித்துச் சரிபார்க்க முடிய வேண்டும். அவர் ஒரு மாணவராக இருந்தாலும் சரியே.

மாணவர்களே, இதற்குக் கணிப்பொறி இல்லாமலேயே பயிற்சி பெறலாம். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள ஒரு கருவியைப் பயன்படுத்தும் முறையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அக்கருவியை அறியாத ஒரு நண்பரிடம் ஆசிரியர் முன்னிலையில் அதைக் கொடுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே தயங்குகிறாரோ, அங்கே உங்கள் எழுத்தில் குறை இருக்கிறது. அதைத் திருத்தி, மற்றொரு நண்பரிடம் கொடுத்துப் பாருங்கள்.