சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்

 

சென்ற மாதம் லண்டனிலிருந்து ஒரு சகோதரியின் கடிதம் வந்தது. யாழ்ப்பாணம் சோனகர் தெருவில் பிறந்தவர். 1990 இல் எங்கள் எல்லோரையும் போல உடுத்த உடுப்போடு ஊரை விட்டு வெளியேறிப் புத்தளத்தில் வளர்ந்தவர். திருமணத்தின் பின் கணவரோடு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவர். நான்கு பக்கக் கடிதத்தின் சுருக்கத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன் அவருடைய கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. உயிர் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. ஆனால் இடது கையும் காலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. உடுப்பு மாற்றவும் குளிக்கவும் மனைவியின் துணை வேண்டும். இயலாதவர்களுக்கென அந்நாட்டு அரசாங்கம் கொடுக்கும் உதவிப் பணம் நான்கு வாரத்துக்கு ஒருமுறை அவருக்குக் கிடைக்கிறது. இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கும் சகோதரியின் உம்மாவுக்கு உடம்பு மிகவும் தளர்ந்துவிட்டது. நோன்புக்கு முன் வந்து, பெருநாளும் முடித்து, நான்கு மாதம் உம்மாவோடு இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

அவருக்கு இரண்டு தடைகள். ஒன்று, லண்டனில் உள்ள உறவினர்கள், "கந்தோருக்கு ஒன்றும் சொல்லாதே, சொன்னால் காசை வெட்டிவிடுவான். யாருக்குத் தெரியப் போகிறது?" என்கிறார்கள். மற்றது, சென்ற முறை ஊருக்கு வந்தபோது நடந்த சம்பவம். கணவர் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பள்ளிவாசலுக்கு நடந்து போனதைப் பார்த்த ஒருவர், "அங்கே இயலாதவன் என்று காசு எடுக்கிறார், இங்கே நடந்து திரிகிறார்" என்று பலர் முன்னிலையில் சொல்லிவிட்டாராம். அந்த மனிதர் அன்றிரவு சாப்பிடவில்லை. இனி ஊருக்கே வரமாட்டேன் என்று இருக்கிறார்.

"மௌலவி, உதவிப் பணம் எடுக்கிறவர் பிறந்த ஊருக்குப் பயணம் போவது குற்றமா? சொல்லாமல் போனால் அந்தக் காசு எங்களுக்கு ஹலாலா?" என்று கேட்கிறார் அந்தச் சகோதரி.

முதற் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். பயணம் போவது குற்றமே இல்லை. இயலாமை என்பது வீட்டுக்குள் அடைத்துவைக்கும் தண்டனை அல்ல. நபி (ஸல்) அவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரழி) அவர்கள் ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் சுகவீனமுற்றார்கள். தவாபு செய்ய நடக்க இயலவில்லை என்று முறையிட்டார்கள். மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்தபடி தவாபு செய்யும்படி நபியவர்கள் சொன்னார்கள். "மதீனாவிலிருந்து இவ்வளவு தூரம் வர இயன்றது, இதை நடக்க இயலாதா?" என்று கேட்கவில்லை. இன்று ஹரம் ஷரீபில் சக்கர நாற்காலியில் தவாபு செய்வோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம் நினைவுக்கு வரும். ஒருவர் பத்து மணித்தியாலம் விமானத்தில் இருந்து வந்ததை நாம் பார்க்கிறோம். அதற்குப் பின் இரண்டு நாள் எழும்ப இயலாமல் படுத்துக் கிடப்பதை அவருடைய மனைவி மட்டும்தான் பார்க்கிறாள். தெரியாத ஒன்றைப் பற்றித் தீய எண்ணம் கொள்வது நம் மார்க்கத்தில் பாவம் என்பதைப் பள்ளிவாசல் வாசலில் நின்று பேசுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

அரசாங்கம் கொடுக்கும் அந்தப் பணம் பிச்சையும் அல்ல. கலீபா உமர் (ரழி) அவர்கள் வாசலில் நின்று யாசித்த பார்வையற்ற ஒரு வயோதிப யூதரைக் கண்டு, வீட்டுக்கு அழைத்துச் சென்று கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். பிறகு அவரையும் அவரைப் போன்றவர்களையும் பைத்துல்மாலிலிருந்து பராமரிக்கும்படி கட்டளையிட்டார்கள் என்று இமாம் அபூ யூசுப் எழுதியிருக்கிறார். உழைக்க இயலாதவருக்குப் பொதுப் பணத்தில் உரிமை உண்டு. அந்த உரிமையை எடுப்பதில் வெட்கம் வேண்டாம்.

ஆனால் சகோதரிகளே, உரிமை என்றால் அதற்கு ஓர் எல்லையும் உண்டு. பொதுப் பணம் அமானிதம். "இந்த நிபந்தனைக்கு உட்பட்டுப் பெற்றுக்கொள்கிறேன்" என்று கையெழுத்து வைத்துத்தான் அந்தப் பணத்தை எடுக்கிறோம். அந்தக் கையெழுத்தை நிறைவேற்றுவது நம் மீது கடமை. சிலர், "அது நம்மவர்களின் அரசாங்கமா? அவர்களுடைய காசு தானே" என்று பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். மக்காவில் நபியவர்களைக் கொல்லத் திட்டமிட்டவர்களின் பொருட்கள்கூட நபியவர்களிடம்தான் அடைக்கலமாக இருந்தன. ஊரை விட்டுப் போகவேண்டி வந்த அந்த இரவில் அலி (ரழி) அவர்களைப் பின்னால் நிறுத்தி, அவரவர் பொருளை அவரவரிடம் ஒப்படைத்துவிட்டு வரும்படி சொல்லிச் சென்றார்கள். ஊரை விட்டு விரட்டப்பட்ட நமக்கு இந்தச் செய்தி மற்றவர்களை விட அதிகமாக விளங்க வேண்டும்.

இந்த இடத்தில் என் உம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி, இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியபோது எனக்கு எட்டு வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டில். அரிசி, மா, பருப்பு, சீனி எல்லாம் நிவாரண அட்டைக்குத்தான். அட்டையில் உள்ள தலைகளின் எண்ணிக்கைப்படி அளந்து கொடுப்பார்கள். 1995 இல் மூத்த நானா சவூதிக்கு வேலைக்குப் போனார். அடுத்த முறை நிவாரணம் எடுக்கப் போனபோது, "என்ட மூத்த மகன் நாட்டில இல்ல, அவன்ட பேரை வெட்டுங்க" என்று உம்மா தானாகவே சொன்னார். அட்டையில் ஒரு தலை குறைந்தது. பக்கத்துக் கொட்டில் மாமி, "உனக்குப் பைத்தியமா? அவன் இன்னும் சம்பளமே அனுப்பல்ல" என்று ஏசினார். உம்மா சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "அவன் அங்க சாப்பிடுறான். இங்க அவன்ட பங்கையும் நாங்க எடுத்தா, அது யார்ட பங்கு?"

அந்த மாதம் எங்கள் பானையில் கஞ்சி கொஞ்சம் தண்ணீராகத்தான் இருந்தது. அரபுக் கல்லூரியில் அமானிதத்தைப் பற்றிப் பாடம் படித்தபோது எனக்கு அது புதிய பாடமாக இருக்கவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். லண்டன் சகோதரி பயப்படும் அளவுக்கு அந்நாட்டுச் சட்டம் கடுமையானதல்ல. இங்கிலாந்தில் இயலாதவர்களுக்கு வழங்கப்படும் "பிப்" என்ற கொடுப்பனவு, தற்காலிகமாக வெளிநாடு போகிறவருக்கு 13 வாரம் வரை நிற்காமல் கிடைக்கும். அந்த நோய்க்குச் சிகிச்சை பெறுவதற்காகவே போனால் 26 வாரம் வரை கிடைக்கும். நான்கு வாரத்துக்கு மேல் போவதாக இருந்தால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 13 வாரம் என்றால் 91 நாள். நோன்பு 30, பெருநாள், அதற்கு முன்னும் பின்னும் உம்மாவோடு இரண்டு மாதம் என்று கணக்குப் பார்த்தால் அதற்குள் அடங்கிவிடும். நான்கு மாதமும் நின்றால் முதல் 13 வாரத்துக்குத்தான் கிடைக்கும், மிகுதி நாட்களுக்குக் கிடைக்காது. அவ்வளவுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரே வீட்டுக்கு வரும் எல்லாக் கொடுப்பனவுக்கும் ஒரே சட்டம் இல்லை. "யுனிவர்சல் கிரெடிட்" என்று குறைந்த வருமானத்துக்காகக் கொடுப்பது, வெளிநாடு போனால் ஒரு மாதம் வரைதான். அதற்கு மேல் நிற்பதாகவே எண்ணிப் புறப்பட்டால் அந்த முதல் மாதத்துக்கும் உரிமை இல்லை. அங்கே நெருங்கிய உறவினர் மௌத்தாகித் திரும்ப இயலாமற் போனால் இன்னொரு மாதம் நீடிக்கலாம். சிகிச்சைக்கென்றால் ஆறு மாதம் வரை இடமுண்டு. நோயாளியைப் பராமரிக்கும் மனைவிக்குக் கிடைக்கும் பணத்துக்கு வேறு சட்டம். ஆகவே ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். அவுஸ்திரேலியாவில் இயலாதோர் ஓய்வூதியம் பெறுகிறவர் பொதுவாக 12 மாதத்தில் 28 நாள்தான் வெளிநாட்டில் இருக்கலாம். நம் யாழ்ப்பாணத்தார் நிறைந்து வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், மாகாண அரசின் இயலாமை உதவி பெறுகிறவர் 30 நாளுக்கு மேல் மாகாணத்தை விட்டு வெளியே இருப்பதானால் முன் அனுமதி வேண்டும். அதே கனடாவில், உழைத்த காலத்தில் சம்பளத்திலிருந்து பணம் கட்டியவருக்கு மத்திய அரசு கொடுக்கும் இயலாமை ஓய்வூதியம் அவர் எந்த நாட்டில் இருந்தாலும் வரும். லண்டனில் இருக்கும் மச்சாள் சொன்னதைக் கேட்டு மெல்பேணில் இருக்கும் தங்கை நடந்தால், அவள் வீட்டில் வேறு பலன்தான் விளையும்.

சொல்லாமல் போய்ப் பிடிபட்டால் என்ன நடக்கும்? எடுத்த பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டும். தண்டப் பணம் வரலாம், வழக்கும் வரலாம். பயணச்சீட்டும் கடவுச்சீட்டும் கணினியில் பதியும் காலம் இது. அது போகட்டும், பிடிபடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். உம்மாவின் கட்டிலருகே இருக்கும்போதும் தொலைபேசி அடித்தால் நெஞ்சு திடுக்கிடுமே! அந்தப் பணத்தில் வாங்கிய கஞ்சியில் நோன்பு திறக்க மனம் வருமா?

இதில் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கணவர் நோயாளியான வீட்டில் படிவம் நிரப்புவதும், தொலைபேசியில் பேசுவதும், கையெழுத்து வைப்பதும் பெரும்பாலும் நீங்கள்தான். ஆகவே பொறுப்பும் உங்கள் மீதுதான் வந்து விழும். பயணச்சீட்டு எடுக்கும் முன்பே கந்தோருக்கு அறிவியுங்கள். போகும் நாள், திரும்பும் நாள், போகும் நாடு, காரணம் நான்கையும் சொல்லுங்கள். எந்தத் திகதியில் யாரோடு பேசினீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கடிதம் அனுப்பினால் பிரதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததையும் அறிவியுங்கள். வைத்தியரின் கடிதமும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். சக்கர நாற்காலி உதவி வேண்டுமென்று விமானப் புறப்பாட்டுக்கு 48 மணித்தியாலத்துக்கு முன் சொல்லிவிட்டால் இங்கிலாந்து விமான நிலையங்களில் இலவசமாகவே செய்து தருவார்கள். அதைக் கேட்பதிலும் வெட்கம் வேண்டாம்.

இது வெளிநாட்டாருக்கு மட்டுமான பாடம் என்று ஊரில் இருப்பவர்கள் எண்ண வேண்டாம். நம் நாட்டிலும் அஸ்வெசும திட்டத்தின்கீழ் இயலாதவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு உண்டு. 2024 இல் 7,500 ரூபாவாக இருந்தது 2025 ஏப்ரல் தொடக்கம் 10,000 ரூபாவாக உயர்ந்தது. இந்தப் பணம் எடுக்கும் ஒருவர் சிகிச்சைக்காகச் சென்னை போகலாம், மகனைப் பார்க்கக் கனடா போகலாம். போகும் முன் விதானையாரிடமும் பிரதேச செயலகத்திலும் ஒரு வார்த்தை சொல்லி, செய்யவேண்டியதைக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஓய்வூதியம் எடுக்கும் நம் பெரியவர்கள் வருடா வருடம் உயிர்வாழ்ச் சான்றிதழ் கொடுக்கிறார்கள் அல்லவா? அதை யாரும் அவமானமாக நினைப்பதில்லை. இதுவும் அது போலத்தான். ஆள் ஊரில் இல்லாத காலத்தில் வங்கி அட்டையை வைத்து வேறொருவர் பேசாமல் பணம் எடுத்துக்கொண்டிருப்பது மட்டும் வேண்டாம்.

லண்டன் சகோதரிக்கு என் பதில் இதுதான். தங்கச்சி, வாருங்கள். உங்கள் உம்மா காத்திருக்கிறார். கந்தோருக்குச் சொல்லிவிட்டு, 13 வாரத்துக்குள் அடங்கும்படி நாளைத் தீர்மானித்துக்கொண்டு வாருங்கள். அதற்கு மேலும் உம்மாவோடு இருக்க வேண்டி வந்தால், அந்த நாட்களின் பணத்தை விட்டுவிட்டு இருங்கள். தாயின் பணிவிடையில் விட்ட பணத்தை அல்லாஹ் வேறு வழியில் தருவான். உங்கள் கணவரிடம் என் ஸலாத்தைச் சொல்லுங்கள். கையில் எடுக்கும் பணத்துக்கு ஒழுங்காகக் கணக்குச் சொல்கிறவர் வாசலில் நின்று பேசுகிறவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. இன்ஷா அல்லாஹ், வரும் நோன்பில் அவருடைய ஊன்றுகோலுக்குப் பக்கத்தில் நானும் நடந்து பள்ளிவாசலுக்குப் போகிறேன்.

நம் உழைப்பையும் உரிமையையும் ஹலாலாக ஆக்கி, பயணத்தில் இருப்போரைப் பத்திரமாக வீடு சேர்த்து வைப்பானாக. ஆமீன்.