கண்டக்குழியில் கற்க வேண்டிய பாடம்

கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் இருக்கிறது கண்டக்குழி. அவ்வூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ‘பயனர் அனுபவ வடிவமைப்பாளர்’ பதவிக்கு நேர்முகப் பரீட்சையாம். ஆங்கிலக் கலைச்சொற்களை ஒரு கொப்பி நிறைய எழுதி மனனம் செய்துகொண்டிருந்தார். இதற்குப் பத்திரிகைக்காரனிடம் என்ன யோசனை இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. “கொப்பியை மூடிவைத்துவிட்டு, ஊருக்குப் போய் இரண்டு நாள் மீனவர் வாடியில் இருந்துவிட்டு வாரும்” என்றேன்.

இந்தத் தொழிற்பெயரைப் பரவச் செய்தவர் டொனால்ட் நோர்மன். 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது தமது பதவிக்கே அப்பெயரைச் சூட்டிக்கொண்டார். ஒரு கருவியைக் கையில் எடுப்பது முதல் காரியம் முடியும் வரை மனிதர் படும் பாடு முழுவதும் அதில் அடங்கும். ஆகவே பரீட்சகர் கேட்கப்போவது இவைதாம்: யாருக்காகச் செய்தீர்? அவருடைய தேவையை எப்படி அறிந்தீர்? முதல் முயற்சியில் எங்கே பிழைத்தீர்? பிறகு எதை மாற்றினீர்? இவற்றுக்கு விடை எந்தக் கொப்பியிலும் கிடையாது.

மீனவருக்கான வானிலை எச்சரிக்கைத் திரை ஒன்றைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். குளிரூட்டிய அறையில் அழகாகத் தெரியும் வெளிர்சாம்பல் எழுத்து, உச்சிவெயிலில் படகில் நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. ஈரவிரலுக்குத் தொடுதிரை ஒழுங்காகப் பணியாது. காற்றின் வேகத்தைக் கிலோமீற்றரில் சொன்னால் புரியுமா, வாடை, கச்சான் என்று சொன்னால் புரியுமா என்பதை அவரிடமே கேட்டறிய வேண்டும்.

கேட்பதிலும் ஒரு முறை உண்டு. “இப்படி ஒரு செயலி வந்தால் பாவிப்பீர்களா?” என்றால், மனம் நோகக்கூடாதென்று எல்லோரும் ஓமென்றே சொல்வார்கள். “கடைசியாக எந்த நாளில் கடலுக்குப் போகாமல் நின்றீர்கள்? அன்று யார் சொல்லி நின்றீர்கள்?” என்று கேட்டால் செய்தி வரும். நிருபர் வேலையில் நான் பல தடவை பட்டுத் தெளிந்த பாடம் இது. பிறகு கடதாசியில் திரையை வரைந்து கையில் கொடுத்துவிட்டு, வாய்திறவாமல் பார்த்திருக்க வேண்டும். ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். ஐந்து பேரைத் தேட கண்டக்குழியில் அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் கைக்கு வரும் தமிழ்த் திரைகளில் பல, ஆங்கிலத் திரையின் மேல் தமிழை ஒட்டியவை. நாலெழுத்துச் சொல்லுக்கென்று அளந்த பொத்தானுக்குள் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காமல் வழிகிறது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடும் நம்மிடம் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று கேட்கிறார்கள். தேசிய அடையாள அட்டை இலக்கம் 2016இல் 12 இலக்கமாக மாறியது. ஒன்பது இலக்கமும் ஓரெழுத்தும் கொண்ட பழைய அட்டையை வைத்திருப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இரண்டையும் ஏற்காத படிவம் முதியவர் ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். தமிழோடு வாழ்பவர் ஒருவர் அந்த மேசையில் இருந்திருந்தால் இவை முதல் நாளே பிடிபட்டிருக்கும். அந்த நாற்காலிக்குக் கண்டக்குழிப் பிள்ளை போக வேண்டும் என்பது என் ஆசை.

கலைச்சொற்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பரீட்சை ஆங்கிலத்தில் நடந்தால் அவையும் தேவைதான். ஆனால் சொல்ல ஒரு விஷயம் இருப்பவருக்குச் சொற்களைப் படிக்க ஒரு வாரம் போதும்.

இளைஞர் போய்வந்தார். அவர் வரைந்த படத்தில் காற்று, அலை, மழை என்று மூன்று எண்கள் வரிசையாக இருந்தன. வயதான மீனவர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இண்டைக்குப் போகலாமா, கூடாதா?” என்று கேட்டாராம். இரவோடிரவாகப் படத்தை மாற்றியிருக்கிறார். எச்சரிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இப்போது பெரிய எழுத்தில் மேலே இருக்கிறது. எண்கள் கீழே போய்விட்டன.

பரீட்சை அடுத்த வாரம். முடிவு எனக்குத் தெரியாது. ஆனால், “எங்கே பிழைத்தீர்?” என்று அவர்கள் கேட்டால், சொல்ல அவரிடம் உண்மையான ஒரு பதில் இருக்கிறது.