நாலில் எது தூங்குது?

ஐப்பசி மழை விட்ட மறுநாள். கவரைப்பேட்டை தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் கார் இழுக்கவில்லை. நின்றால் ஸ்டியரிங் உதறுகிறது, சைலன்சரில் ‘பட்... பட்’ என்று இடறல். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பிளக், காயில், இன்ஜெக்டர் எல்லாம் மாற்றணும் என்றார்கள். வண்டியை மெதுவாக வீட்டுக்கே திருப்பினேன்.

பக்கத்து வீட்டு அண்ணன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். அன்று அவருக்கு வார லீவு. “எல்லாம் ஒரே நாள்ல சாகாது தம்பி. நாலு சிலிண்டர்ல எது தூங்குதுன்னு மொதல்ல பாக்கலாம்” என்றார்.

இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினார். நல்ல சிலிண்டர் என்றால் தடுமாற்றம் கூடும். மூன்றாவதைக் கழற்றியபோது சத்தம் மாறவே இல்லை. (பிளக் ஒயரை மட்டும் ஓடும் இன்ஜினில் கையால் இழுக்காதீர்கள், அதில் 20,000 வோல்ட்டைத் தாண்டும்.) அணைத்து, ஆறவிட்டு, மூன்றாவது பிளக்கை இரண்டாவதோடு மாற்றிப் போட்டோம். இடறல் மூன்றிலேயே இருந்தது. அப்படியானால் பிளக் மேல் குற்றமில்லை.

இருட்டியதும் வாசல் விளக்கை அணைத்துவிட்டு பானட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கும் பாட்டிலால் ஒயர்கள் மேல் பனி போல் தண்ணீர் அடித்தார். மூன்றாவது ஒயரின் ரப்பர் மூடியிலிருந்து சிலிண்டர் ஹெட்டுக்கு ஒரு நீல நூல் ‘டிக், டிக்’ என்று தாவியது. அணைத்துவிட்டு ரப்பரை வளைத்துப் பார்த்தால் முடியளவு விரிசல். ஈரம் பட்டதும் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே இறங்கிவிடுகிறது.

புது வண்டிகளில் இதே கோளாறுக்கு, பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஓபிடி கருவி பி0303 என்று காட்டும். கடைசி எண்தான் சிலிண்டர். எது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் ஓரங்கட்டி நிறுத்திவிடுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் போய் எரிந்து அதையும் தின்றுவிடும்.

எனக்கு ஆதங்கம் ஒன்றுதான். 1998-லேயே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லேன்சர் இறங்கிய திருவள்ளூர் மாவட்டம் இது. தெருவுக்கு நாலு பேர் மெஷினோடு பிழைக்கிறோம். சொந்த வண்டியின் பானட்டைத் திறக்க மட்டும் ஏன் இத்தனை பயம்?

மறுநாள் புது ஒயர் செட்டை மாட்டினோம், வரிசை குழம்பாமல் ஒன்றைக் கழற்றி அதன் இடத்திலேயே ஒன்றாக. இடறல் நின்றது. விரிசல் விட்ட ஒயரைக் குப்பையில் போட அண்ணன் விடவில்லை. ஷிப்டில் புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குக் காட்டணும் என்று சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.