உரலில் போடும் முன்

"குளிசையின் மேற்பூச்சு கம்பனிக்காரரின் விலை வித்தை, இடித்துக் கொடுத்தாலும் ஒன்றுதான்" என்ற வாதம் பெரியகல்லாற்றுப் பக்கம் காதில் விழுகிறது. விழுங்க முடியாத முதியவருக்காகப் பரிந்து பேசுவது நியாயம். முடிவுதான் பிழை.

ஒமெப்ரசோல் இரைப்பை அமிலத்தில் சிதைந்துவிடும். அதனால்தான் அதன் சிறுமணிகளுக்கு அமிலத்தில் கரையாத பூச்சு. இத்தகைய பூச்சிட்ட குளிசை, சோதனையில் 2 மணி நேரம் அமிலத்தில் குலையாமல் நின்று, பிறகு பிஎச் 6.8 கரைசலில் மருந்தை விட வேண்டும். இதுவா வெறும் வர்ணவேலை?

மெற்போமின் எஸ்.ஆர். குளிசையை இடித்தால், மணிக்கணக்கில் மெல்ல இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கும். "அது மலத்தோடு முழுசாய் வந்துவிட்டதே" என்கிறார்கள். சிலவேளை அப்படி வருவது வெறும் கூடு. மருந்து முன்பே உடம்பில் சேர்ந்துவிட்டது.

கம்பனிகள் மீது சந்தேகம் வேண்டியதுதான். ஆனால் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான சேனக பிபிலே எதிர்த்தது வணிகப்பெயர்களின் கொள்ளை விலையை; மருந்தியலை அல்ல.

எல்லாப் பூச்சும் இப்படியல்ல. சில கசப்பை மறைக்க மட்டுமே. எது எதுவென்று உரலுக்குத் தெரியாது, மருந்தாளருக்குத் தெரியும். விழுங்க முடியாவிட்டால் பாணி மருந்து உண்டா, மாற்று உண்டா என்று அவரிடம் கேளுங்கள்.