பூக்காத சம்பங்கித் தொட்டி

சிவகிரியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கல்யாணமாகி வரும்போது தாய் வீட்டிலிருந்து ஒரு நிலச்சம்பங்கித் தொட்டி கொண்டு வந்தாராம். முதல் வருஷம் கதிர் கதிராகப் பூத்தது. இரண்டாம் வருஷம் ஒன்றே ஒன்று. இப்போது தொட்டி நிறையப் புல்லைப் போல இலைதான். “இது மலட்டுச் செடி, தூக்கி எறி” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லுகிறார்களாம். “எறிய மனம் வரவில்லை, என்ன செய்யலாம்?” என்று கேட்கிறார்.

எறிய வேண்டாம், அம்மா. அது மலட்டுச் செடி அல்ல. பிள்ளைகுட்டி பெருத்து, இருக்க இடமின்றித் தவிக்கிற செடி. சம்பங்கிக் கிழங்கு ஒவ்வொன்றும் தன் ஆயுளில் ஒரே தடவைதான் கதிர் விடும். பிறகு தன்னைச் சுற்றிக் குட்டிக் கிழங்குகளைப் போட்டுவிட்டு ஓய்ந்து போகும். வயலிலே குட்டிகளுக்கு இடம் உண்டு. தொட்டியில் ஏது? இருக்கிற சோற்றை இருபது பேர் பங்கு போட்டால் ஒருவர் வயிறும் நிறையாது. கிழங்கு பருக்காவிட்டால் பூவும் வராது.

கொடைக்கானலிலும் ஊட்டியிலும் செம்மஞ்சள் நிறத்தில் வளைந்த கதிராகப் பூக்கும் குரோகோஸ்மியாவைச் சிலர் பார்த்திருப்பீர்கள். தென்னாப்பிரிக்கச் செடிகளை ஒட்டுச் சேர்த்து, 1880-ல் பிரான்ஸ் தேசத்து நான்ஸி நகரில் லெமுவான் என்ற தோட்டக்கலைஞர் உண்டாக்கிய இனம் அது. அதன் கிழங்குகள் ஒன்றின் மேல் ஒன்றாக, கோத்த மணி மாதிரி அடுக்கிக்கொண்டே போகும். பூப்பது உச்சியில் இருக்கும் புதுக் கிழங்கு மட்டுமே. அதையும் சில வருஷங்களுக்கு ஒரு முறை பிரித்து நட்டால்தான் பூ. ஆசைப்பட்டு அதைச் சிவகிரிக்குக் கொண்டு வந்து வெயிலில் வாட்ட வேண்டாம். நம் பக்கத்துக்குச் சம்பங்கியே போதும். அதுவும் மெக்ஸிகோவிலிருந்து வந்த விருந்தாளிதான் என்றாலும், வெயில் அதற்குச் சொந்த ஊர் மாதிரி.

பங்குனி பிறந்ததும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். இலை மஞ்சளித்துக் காயட்டும். மனசு கேட்காமல் ஒரு செம்பு ஊற்றிவிடாதீர்கள்! சித்திரையில் தொட்டியைக் கவிழ்த்து, மண்ணை உதறி, கிழங்குகளைக் கையாலேயே பிரியுங்கள். கத்தி போட்டால் காயத்தின் வழியே அழுகல் புகுந்துவிடும்.

இனிப் பொறுக்குகிற வேலை. நடுவில் பழைய பூத்தண்டின் அடிக்கட்டை ஒட்டிக்கொண்டிருக்கும் கிழங்கு பூத்து முடிந்தது. அது எருக்குழிக்குப் போகட்டும். புளியங்குடி எலுமிச்சம்பழம் அளவு வேண்டியதில்லை, நல்ல நெல்லிக்காய்ப் பருமன் இருந்தால் போதும். நிறுத்தால் 25, 30 கிராம் இருக்க வேண்டும். அவைதாம் இந்த வருஷம் பூக்கும். சுண்டைக்காய்ப் பொடிசுகளை வேறொரு தொட்டியில் நெருக்கமாக நட்டு வளர்த்தால் பிறகு பூவுக்கு வரும். எல்லாவற்றையும் நிழலில் பரப்பி ஒரு மாதம் காற்றாட விடுங்கள்.

பிரிக்கும்போது வேரைக் கவனிப்பது அவசியம். கடுகு கோத்தது போல வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழுவின் வேலை. அந்த மண்ணை மறுபடி உபயோகிக்காதீர்கள். அந்தக் கிழங்கும் வேண்டாம். புதிதாக வாங்குகிறவர்கள் சிருங்கார் என்ற ரகத்தைக் கேட்டு வாங்கலாம். பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் ஒற்றையடுக்கையும் இரட்டையடுக்கையும் சேர்த்து உண்டாக்கியது. இந்தப் புழுவை ஓரளவு தாங்கும். மாலை கட்ட ஒற்றையடுக்குதான் நல்லது. இரட்டையடுக்கு பார்வைக்கு அழகு, ஜாடியில் வைக்கலாம்.

ஆனி முதல் வாரத்தில் நடுங்கள். ஓரடி அகலத் தொட்டிக்கு மூன்று கிழங்கு, மிஞ்சினால் நாலு. ஐந்தாவதை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய சாணி எரு ஒரு பங்கு, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. கரிசலை மட்டும் போட்டு நிரப்பினால் நீர் தேங்கிக் கிழங்கு அழுகும். அடித் துவாரத்தின் மேல் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். கிழங்கின் நுனிக்கு மேல் ஓர் அங்குலம் மண் இருந்தால் சரி.

நட்டவுடன் ஒரு தரம் தண்ணீர். முளை தலை காட்டும் வரை மண் காய்ந்தால் மட்டும் தெளித்தால் போதும். பிறகு தாராளமாக விடலாம். தொட்டி இருக்க வேண்டிய இடம் மொட்டை மாடி, திண்ணை அல்ல. நிழலில் வைத்த சம்பங்கி இலையைத்தான் கொடுக்கும்.

மூன்று, மூன்றரை மாதத்தில் கதிர் எழும்பும். ஆனியில் நட்டவர்களுக்கு நவராத்திரியை ஒட்டிப் பூ கிடைக்கும். கொலு வைக்கிற வீடுகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மணம் இரவில்தான் அதிகம். மாலைக்கானால் விடியற்காலையில் மொட்டாகவே பறித்துவிடுங்கள்.

மறு வருஷம் அதே தொட்டியில் விட்டால் ஆனி, ஆடியிலேயே கதிர் வரும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போது சிவகிரிக்குக் கிடைப்பது பெரும்பாலும் காற்றுதான்! மூன்றடிக் கதிர் அதற்குத் தாங்காது. கதிர் ஒரு சாண் உயரும்போதே பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி ஊன்றி, வாழைநாரால் இரண்டு இடத்தில் தளர்வாகக் கட்டிவிடுங்கள்.