நோட்டோவின் காலைச் சந்தை



உணவு பதனிடும் பயிற்சி முடிந்த நாளன்று, சான்றிதழைக் கையில் வாங்கிய ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: “பிள்ளை, எல்லாம் செய்யப் பழக்கிப்போட்டியள். இனி இதைக் கொண்டுபோய் எங்கை விக்கிறது?” எங்கள் பயிற்சித் திட்டத்தில் விற்பனைக்கென்று ஒரு மணித்தியாலந்தான் ஒதுக்கியிருந்தோம். தேநீர் இடைவேளையும் அதற்குள்தான் வந்தது. பதில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது ஒரு சந்தை நினைவுக்கு வந்தது. அது ஜப்பானில் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை, வாசித்தும் படங்களில் பார்த்தும் அறிந்ததுதான். அதைப் பற்றியே இம்மாதம் எழுதுகிறேன்.

ஜப்பானின் மேற்குக் கரையில், இஷிகாவா மாகாணத்திலிருந்து வடக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் நிலம் நோட்டோ. மலையும் கடலும் நெருங்கிய இடம். வயல் குறைவு. இளைஞர்கள் பெரும்பாலும் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். வடக்கு நோட்டோவில் ஏறக்குறைய இருவரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். அங்குள்ள வஜிமா என்ற துறைமுகப் பட்டினத்தின் காலைச் சந்தைக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு என்று சொல்வார்கள். 360 மீற்றர் நீளமான ஒரு தெரு. காலை எட்டு மணியிலிருந்து நண்பகல் வரை இருபுறமும் கடை விரித்திருப்பார்கள். விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், அதிலும் பாட்டிமார்தான் கூட. வயலில் விளைந்ததையும் கடலில் எடுத்ததையும் வீட்டில் பதனிட்டதையும் கொண்டுவந்து, போவோர் வருவோரை “வாங்கிக்கொண்டு போங்கோ” என்று தங்கள் ஊர்ப் பேச்சிலேயே கூப்பிடுவார்கள். தாய் இருந்த இடத்தில் மகளோ மருமகளோ இருப்பதும் வழக்கம்.

ஒன்றிரண்டு புருசன்மாருக்குச் சோறு போட முடியாதவள் என்ன பெண் என்று அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. வாசித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால் அதில் பெருமையும் இருக்கிறது, சுமையும் இருக்கிறது. உழைத்துப் போடுகிறவளும் அவள்தான், வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டுகிறவளும் அவள்தான்.

அங்கே பருவம் மாற மாறச் சந்தைப் பொருளும் மாறும். ஏப்ரலில் செர்ரி பூக்கும். அனமிசு நகருக்குப் பக்கத்தில் நோட்டோ கஷிமா என்ற சின்னப் புகையிரத நிலையத்தில், தண்டவாளத்தின் இரு பக்கமும் மரங்கள் பூத்துக் கூரைபோல மூடிவிடும். பார்ப்பதற்கென்றே சனம் வரும். மே மாதத்தில் நாற்று நடவு. ஷிரோயோனே என்ற இடத்தில் கடலை நோக்கி இறங்கும் மலைச்சரிவில், பத்து ஏக்கர் அளவான நிலத்தில் 1,004 சிறு வயல்கள் இருக்கின்றன. சில பாத்திகள் ஒரு பாய் விரிக்கிற அளவுதான். இயந்திரம் இறங்காது, கையால்தான் வேலை. வயதானவர்களால் தனியே பார்க்க முடியாமல் போனபோது, 2007 முதல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். நகரத்தவர்கள் ஆண்டுக்கு ஒரு தொகை கட்டி ஒரு வயலுக்குப் பெயரளவில் சொந்தக்காரராகலாம். நடவுக்கும் அறுப்புக்கும் வரலாம். அரிசியில் பங்கு கிடைக்கும்.

கோடை காலம் சுழியோடும் பெண்களின் காலம். ‘அமா’ என்று அழைக்கப்படும் இவர்கள் காற்றுச் சிலிண்டர் கட்டுவதில்லை. ஒரு மூச்சில் இறங்கி, அபலோன் என்ற விலையுயர்ந்த ஒற்றையோட்டுச் சிப்பியையும் சங்கு வகைகளையும் பொறுக்கி மேலே வருவார்கள். சிலிண்டர் கட்டினால் கூட எடுக்கலாம், ஆனால் கடல் வெறுமையாகிவிடும் என்பதால் அதைத் தாங்களே விலக்கி வைத்திருக்கிறார்கள். அளவுக்குச் சிறியதை எடுப்பதில்லை. வஜிமாவில் நிலநடுக்கத்துக்கு முன் ஏறக்குறைய 130 பேர் இத்தொழிலில் இருந்தார்கள். இவர்களின் தொழில்முறையை 2018இல் ஜப்பானிய அரசு முக்கிய நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

அதே வெயிலில் சுசு கரையில் உப்பு விளைகிறது. நாங்கள் அறிந்த உப்பளம் மாதிரி அல்ல. கடல்நீரை வாளிகளில் காவுதடியில் சுமந்து வந்து, பரப்பிய மணலில் விசிறுவார்கள். வெயிலில் காய்ந்ததும் அந்த மணலைக் கூட்டி, மேலும் கடல்நீர் ஊற்றி வடிப்பார்கள். வடிந்த கெட்டி உப்புநீரை இரவிரவாகக் காய்ச்சினால்தான் உப்பு. மழை ஒரு நாள் பெய்தால் அன்றைய உழைப்பு போய்விடும். யூலை தொடங்கி ஒக்ரோபர் வரை ஊருக்கு ஊர் விழா. வீட்டு உயரத்துக்கும் மேலான வெளிச்சக் கூடுகளைத் தோளில் தூக்கி வருவார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் புத்தாண்டுக்கு வராவிட்டாலும் இதற்கு வருவார்களாம். இலையுதிர் காலத்தில் ஷிகாப் பகுதியில் பழங்களைத் தோல் சீவிக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். சீமைப் பனிச்சை என்று நாம் சொல்லும் பழம் அது.

குளிர்காலந்தான் எனக்குப் பிடித்த பகுதி. பனிக்காற்றில் கடல் நுரைத்து, அந்த நுரை பூப்போலக் கரையெல்லாம் பறக்கும். பாரை இனத்தைச் சேர்ந்த ‘புரி’ என்ற மீன் கொழுத்து வரும் காலம் அது. பெண்கள் வழுக்கும் பாறைகளில் குனிந்து கடற்பாசி சுரண்டுவார்கள். சாளை மீனை உப்பிட்டு, அரிசித் தவிட்டில் மாதக்கணக்கில் ஊறவைத்து எடுப்பார்கள். கணவாயின் குடலையோ சாளையையோ உப்போடு நொதிக்கவிட்டு வடிக்கும் சாறு ‘இஷிரு’. குழம்புக்கு இரண்டு சொட்டுப் போதும். நாம் கழித்து வீசுவதிலிருந்து அவர்கள் போத்தலில் அடைத்து விற்கும் சரக்கு வருகிறது.

கடலட்டை எங்கள் வடபகுதிக் கரையோரச் சகோதரிகளுக்குத் தெரிந்த பொருள். அவித்துக் காயவைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவதோடு எங்கள் வேலை முடிகிறது. நோட்டோவில் அதன் குடலை உப்பிட்டு விற்கிறார்கள். மாரி முடிவில் அதன் முட்டைப்பையின் மெல்லிய இழைகளைத் தனியே எடுத்து, கயிற்றில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிட்டு முக்கோணத் தகடாகக் காயவைக்கிறார்கள். ஒரு தகட்டுக்குப் பல கடலட்டைகள் வேண்டும். விலையோ கண்ணைப் பிதுங்க வைக்கும்.

டிசெம்பர் 5ஆம் திகதி வயல் தெய்வத்தை வீட்டுக்கு அழைத்து, வெந்நீரில் குளிக்கவைத்து, விருந்து படைப்பார்கள். பெப்ரவரி 9இல் மீண்டும் வயலுக்கு வழியனுப்புவார்கள். நெற்கதிர் குத்தித் தெய்வத்துக்குக் கண் தெரியாது என்பது நம்பிக்கை. ஆகவே வீட்டுக்காரர் ஒவ்வொரு கறியையும் இது இன்னது என்று வாய்விட்டுச் சொல்லிப் படைப்பார். 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வழக்கம் இது. சொல்லிப் படைப்பவர் ஆண். சமைத்தவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

2024 ஜனவரி முதலாம் திகதி, புத்தாண்டு நாள். மாலை 4.10க்கு 7.6 அளவான நிலநடுக்கம் நோட்டோவைத் தாக்கியது. 2004இல் நாங்கள் கற்றுக்கொண்ட ‘சுனாமி’ என்ற சொல்லே ஜப்பானியச் சொல்தான். அன்று சுனாமியும் வந்தது. வஜிமாவில் பிடித்த தீ சந்தைத் தெருவோடு சுமார் 12 ஏக்கரையும், ஏறக்குறைய 240 கட்டடங்களையும் எரித்தது. கடலடி சில இடங்களில் நான்கு மீற்றர் வரை உயர்ந்து, பாசி படர்ந்த பாறைகள் வெளியே தெரிந்தன. வஜிமாத் துறைமுகத்தில் ஆழம் குறைந்து, வள்ளங்கள் மாதக்கணக்கில் வெளிக்கிட முடியாமல் நின்றன. நேரடியாக இறந்தவர்கள் 200க்கு மேல். பின்னர் இடம்பெயர்ந்த வாழ்வின் குளிரிலும் நோயிலும் களைப்பிலும் இறந்தவர்கள் அதைவிடக் கூட. அந்த மரணங்களையும் ஆராய்ந்து, அனர்த்தத்தோடு தொடர்புடையவை என்று அரசு பதிவு செய்கிறது. குடும்பத்துக்கு உதவித்தொகை உண்டு. முகாமில் தாயைப் பறிகொடுத்த சகோதரிகள் இந்த வரியை இரண்டாம் தடவை வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில், சந்தைப் பெண்கள் சிலர் நூறு கிலோமீற்றர் தெற்கேயுள்ள கனசவா நகரின் கனைவா என்ற துறைமுகப் பகுதியில் கடை விரித்தார்கள். சுமார் முப்பது கடைகள். பெயர் மட்டும் அதே பெயர், வஜிமா காலைச் சந்தை. தெரு இல்லை, கருவாடும் இஷிருவும் கூப்பிடும் குரலும் இருந்தன. வழமையாக வாங்கியவர்கள் தேடி வந்தார்கள். பிறகு வேறு நகரங்களுக்கும் சந்தையைக் கொண்டு போனார்கள். யூலையில் வஜிமாவிலேயே ஒரு கடைத்தொகுதிக்குள் இடம் கிடைத்தது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். 1,004 வயல்களில் அந்த மே மாதம் நாற்று நட முடிந்தது ஏறக்குறைய 120இல் மட்டுந்தான். செப்டெம்பரில் பெருமழை வெள்ளம் வந்து, நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களின் தற்காலிக வீடுகளுக்குள்ளும் புகுந்தது. ஒரே ஆண்டில் இரண்டு தரம். திரும்பி வராதவர்கள் பலர்.

ஆனாலும் ஒரு விடயம் என் மனதில் தைத்தது. நாங்கள் நிரப்பும் சேத விபரப் படிவங்களில் வீடு, கிணறு, மாடு, தையல் இயந்திரம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. சந்தையில் இருந்த இடத்துக்குக் கட்டம் இல்லை. வாடிக்கையாக வாங்கியவர்களுக்கும் கட்டம் இல்லை. எட்டு வருடமாக நானும் அந்தப் படிவத்தைத்தான் நிரப்பி வருகிறேன்.

அடுத்த கிழமை அந்த அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். கணவாய்க் குடல் சாறு மணக்காதோ என்று முதலில் கேட்டார். நன்றாக மணக்கும் என்றேன். பிறகு, இடம்பெயர முன் தன்னிடம் புழுக்கொடியலும் ஊறுகாயும் வாங்கியவர்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். இருட்டும்வரை கதைத்தார். மகளின் கொப்பி ஒன்றை எடுத்துப் பெயர்களை எழுதினோம். இருபத்தேழு பெயர் வந்தது. ஆறு பேர் இல்லை. நான்கு பேரின் தொலைபேசி இலக்கம் இதுவரை கிடைத்திருக்கிறது. அதில் ஒரு ரீச்சர் தைப்பொங்கலுக்கு முன் இரண்டு கிலோ புழுக்கொடியல் கேட்டிருக்கிறார்.