பூட்டியது யார் என்று சொல்லுங்கள்

2020 அக்டோபர் 14. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு இன்னும் இருபது நாள். அன்று காலை ‘நியூயார்க் போஸ்ட்’ ஒரு செய்தி வெளியிட்டது. ஜோ பைடனின் மகன் ஹன்டர் பைடன் டெலாவேரில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் போன மடிக்கணினியிலிருந்து எடுத்ததாகச் சில மின்னஞ்சல்கள் அதில் இருந்தன. உக்ரைன் எரிவாயு நிறுவனம் ஒன்றின் ஆலோசகர், அப்போது துணை அதிபராக இருந்த தந்தையைச் சந்திக்க வழி செய்ததற்காக மகனுக்கு நன்றி சொல்லும் மின்னஞ்சல் அவற்றில் முக்கியமானது.

சில மணி நேரத்தில் ட்விட்டரில் அந்தச் செய்தியின் சுட்டியை யாராலும் பகிர முடியாமல் போனது. முயன்றவர்களின் திரையில், இந்தச் சுட்டி தீங்கு விளைவிக்கக்கூடியது என்று ட்விட்டரோ அதன் கூட்டாளிகளோ கண்டறிந்திருக்கிறார்கள் என்ற அறிவிப்பு வந்தது. வைரஸ் பரப்பும் தளங்களுக்கென்று எழுதி வைத்திருந்த அறிவிப்பு அது. ஒரு நண்பருக்குத் தனிச்செய்தியில் அனுப்பலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 1801இல் அலெக்சாண்டர் ஹாமில்டன் தொடங்கிய அந்தப் பத்திரிகையின் கணக்கு இரண்டு வாரத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தது. செய்தியைப் பகிர்ந்த வெள்ளை மாளிகை ஊடகச் செயலரின் கணக்கும் பூட்டப்பட்டது. ஃபேஸ்புக் முழுமையாகத் தடுக்கவில்லை. சரிபார்ப்பு முடியும்வரை பரவலைக் குறைத்து வைப்பதாக அதன் செய்தித் தொடர்பாளர் அறிவித்தார். எவ்வளவு குறைத்தார்கள், யாருடைய கண்ணில் படாமல் போனது என்பதைப் படிக்கிறவர் தெரிந்துகொள்ள எந்த வழியும் இல்லை.

ஊடகச் சார்பு பற்றிய விவாதம் எங்கே தொடங்கினாலும் இந்த நிகழ்வில்தான் போய் முட்டுகிறது. குடியரசுக் கட்சியினருக்கு இது சதியின் சான்று. ஜனநாயகக் கட்சியினரில் பலருக்கு, ஒரு பொய்ப் பிரசாரத்தைத் தடுத்த பொறுப்பான செயல். இரு தரப்பும் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கின்றன: அந்தச் செய்தி உண்மையா, பொய்யா? அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம்.

முதலில் உண்மை பொய்யைப் பார்த்துவிடுவோம். அந்த மடிக்கணினி உண்மையானதுதான். 2019 டிசம்பரிலேயே எஃப்.பி.ஐ. அதைக் கைப்பற்றியிருந்தது. 2022 மார்ச்சில் ‘நியூயார்க் டைம்ஸ்’, ‘வாஷிங்டன் போஸ்ட்’ இரண்டும் அதிலிருந்த மின்னஞ்சல்களில் ஒரு பகுதியை மெய்யென உறுதி செய்தன. 2024 ஜூனில் ஹன்டர் பைடன் மீதான துப்பாக்கி வழக்கில் அரசுத் தரப்பே அதைச் சான்றாக நீதிமன்றத்தில் வைத்தது. ஆனால் மகனின் வியாபாரத்தில் தந்தைக்குப் பங்கிருந்தது என்று அதைச் சுற்றி எழுப்பிய குற்றச்சாட்டின் நிலை வேறு. ‘நியூயார்க் போஸ்ட்’டை நடத்தும் அதே ரூபர்ட் முர்டாக் குழுமத்தின் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ தேர்தலுக்கு முன்பே நிறுவனப் பதிவேடுகளைப் பார்த்து, ஜோ பைடனுக்குப் பங்கிருந்ததாக அவற்றில் எதுவும் இல்லை என்று எழுதியது. பொருள் மெய்; அதிலிருந்து எடுத்த முடிவு நிரூபணமாகாதது. இப்படிப் பிரித்துப் பார்ப்பதுதான் பத்திரிகைத் தொழில். அதற்கு நாளாகும், ஆள் வேண்டும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் மறுக்க வேண்டும். செய்தி வந்த அன்றே, இந்த வேலை தொடங்குவதற்குள், ட்விட்டர் கதவை மூடிவிட்டது.

ஏன் மூடினார்கள் என்பதும் தெரிந்ததே. 2016இல் ரஷ்ய உளவுத்துறை ஜனநாயகக் கட்சியின் மின்னஞ்சல்களைத் திருடிக் கசியவிட்டபோது சும்மா இருந்தார்கள் என்ற பழி இந்த நிறுவனங்களின் மீது இருந்தது. அதேபோல இன்னொன்று வரலாம் என்று அரசு அமைப்புகளும் 2020 முழுக்க எச்சரித்தபடி இருந்தன. பயந்தவர்கள் முந்திக்கொண்டார்கள். அடுத்த சில நாளில் முன்னாள் உளவு அதிகாரிகள் 51 பேர், இது ரஷ்ய வேலை போலத் தெரிகிறது என்று கடிதம் எழுதினார்கள். தங்களிடம் ஆதாரம் இல்லை என்பதையும் அந்தக் கடிதத்திலேயே சொல்லியிருந்தார்கள். அந்த வரியை மேற்கோள் காட்டியவர்கள் குறைவு. இதெல்லாம் செய்தியே அல்ல, இதில் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை என்றது அமெரிக்காவின் பொது வானொலி. இதில் சார்பு இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். நிச்சயமாக இருந்தது.

ஆனால் சார்பு பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. ‘முரசொலி’ வாங்குகிறவருக்கு அது எந்தக் கட்சியின் ஏடு என்று தெரியும். ‘நியூயார்க் போஸ்ட்’ எந்தப் பக்கம் என்று அந்த நகரத்தில் ரயில் ஏறும் எவருக்கும் தெரியும். பெயர் போட்டு, ஆசிரியர் பொறுப்பேற்று, அச்சில் நிற்கும் சார்பை எதிர்த்து எழுதலாம், வழக்குப் போடலாம், வாங்காமல் விடலாம். எழுதியதைப் படிக்கவே விடாமல் நிறுத்தும் கைக்குப் பெயர் இல்லை. அது தரும் காரணம் ஆயத்தமான ஒற்றை வாக்கியம். அதோடு எப்படி வாதிடுவது? இதைத்தான் நாம் அந்த முக்கியமான கேள்வி என்கிறோம். யார் சொல்லி, எந்த விதியின்படி, யார் மூடினார்கள்?

ட்விட்டரே இரண்டு நாளில் தன் விதியை மாற்றிக்கொண்டது. செய்தது தவறு என்று அதன் அப்போதைய தலைமை நிர்வாகி ஜாக் டோர்சி பின்னர் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். பரவலைக் குறைத்திருக்கக் கூடாது என்று ஃபேஸ்புக்கின் தலைவர் மார்க் ஸக்கர்பெர்க் 2024 ஆகஸ்டில் கடிதம் எழுதினார். வெள்ளை மாளிகையில் ஆள் மாறப்போகும் வேளையில், 2025 ஜனவரியில், அமெரிக்காவில் உண்மை சரிபார்ப்பு ஏற்பாட்டையே கைவிடுவதாக அவர் அறிவித்தார். இந்த மனமாற்றங்களின் தேதிகளைத் தேர்தல் நாட்காட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆட்சியில் யார் இருக்கிறார்களோ அவர்கள் பக்கம் சாய்வதைக் கொள்கை என்று எப்படி அழைப்பது?

ஈலான் மஸ்க் 2022 அக்டோபரில் 44 பில்லியன் டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். நியூயார்க் போஸ்ட் கணக்கை முடக்கியது பெரும் தவறு என்று அதே ஆண்டு ஏப்ரலில் எழுதியவர் அவர். வாங்கியதும் நிறுவனத்தின் உள் ஆவணங்களைச் சில பத்திரிகையாளர்களிடம் கொடுத்தார். நீக்கச் சொல்லும் கோரிக்கைகள் பைடன் அணி, ட்ரம்ப்பின் வெள்ளை மாளிகை என்று இரு பக்கமிருந்தும் வந்து நிறைவேறியதை அவற்றில் முதல் தொகுப்பை வெளியிட்டவரே எழுதினார். பிறகு 2024 செப்டம்பர். இரானிய ஹேக்கர்கள் ட்ரம்ப் அணியிடமிருந்து திருடியதாகக் கருதப்பட்ட ஆவணம் ஒன்றை, துணை அதிபர் வேட்பாளர் ஜே.டி. வான்ஸ் பற்றியதை, கென் கிளிப்பன்ஸ்டைன் என்ற பத்திரிகையாளர் வெளியிட்டார். எக்ஸ் என்று பெயர் மாறியிருந்த ட்விட்டர் அவர் கணக்கை முடக்கி, அந்தச் சுட்டியையும் தடுத்தது. வான்ஸின் முகவரி போன்ற தனிப்பட்ட விவரங்கள் அதில் மறைக்கப்படாமல் இருந்தன என்று காரணம் சொன்னார்கள். காரணத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் நான்கு ஆண்டுக்கு முன் கொதித்தவர்களில் பெரும்பாலோர் இப்போது வாயைத் திறக்கவில்லை. அன்று மௌனமாக இருந்தவர்களுக்குத் திடீரெனக் கருத்துச் சுதந்திரம் நினைவுக்கு வந்தது.

இதை அந்நிய நாட்டுக் கதையாக வைத்துக்கொள்ள நமக்கு வசதியில்லை. 2025 பிப்ரவரியில், இந்தியர்களை அமெரிக்கா விலங்கிட்டுத் திருப்பி அனுப்பியதை ஒட்டி, ட்ரம்ப்பின் அருகே பிரதமர் மோடி விலங்குடன் அமர்ந்திருப்பதாக விகடன் ப்ளஸ் ஒரு கார்ட்டூன் வெளியிட்டது. பிப்ரவரி 15 அன்று, பா.ஜ.க.வின் புகாருக்குப் பின், விகடன் இணையதளமே பலருக்குத் திறக்கவில்லை. கார்ட்டூன் வந்த ஒரு பக்கம் மட்டுமல்ல, சமையல் குறிப்பும் சினிமா விமர்சனமும் சேர்ந்து போயின. முடக்கியது யார் என்று சொல்லும் அறிவிப்பு எதுவும் அந்த இரவில் பத்திரிகையின் கையில் இல்லை. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கார்ட்டூன் உள்ள பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. அப்போது நூறாண்டை நெருங்கிக்கொண்டிருந்த பத்திரிகைக்கே இதுதான் கதி என்றால், முந்நூறு பிரதி அடித்து, மிச்ச வாசகர்களை இணையத்தில் தேடும் நம்மைப் போன்ற சிற்றிதழ்களால் எந்த நீதிமன்றப் படியேற முடியும்? நமக்கு நேர்ந்தால் செய்தியாகக்கூட வராது.

அமெரிக்க நிறுவனங்கள் காரணத்தை முழுமையாகச் சொல்லாமல் விட்டது அவற்றின் வழக்கம். இங்கே அதுவே சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 2009இல் வந்த தடை விதிகளில் 16ஆவது, முடக்கக் கோரும் புகாரும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையும் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது.

அந்த விதி போக வேண்டும். ஒரு பக்கத்தையோ கணக்கையோ தளத்தையோ முடக்கினால், முடக்கச் சொன்னவர் யார், எந்த விதி, எந்த வரிக்காக என்று எழுதியவருக்கும் வாசகருக்கும் அதே நாளில் எழுத்தில் சொல்ல வேண்டும். அரசு கேட்டால் அரசின் பெயரோடு, கட்சி கேட்டால் கட்சியின் பெயரோடு, நிறுவனம் தானே முடிவெடுத்தால் முடிவெடுத்த அதிகாரியின் பதவியோடு. பரவலைக் குறைத்தால் அதையும் சொல்ல வேண்டும். நமக்குப் பிடிக்காத ஏடு முடக்கப்படும்போதும் இதையே கேட்போம்.